ஆமையும் அமீனாவும்
மேய்க்கால் நிலத்து ஊர்வன குறித்துச் சில குறிப்புகள்

1

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பதைச் சின்ன வயதில் கேட்காத தமிழர் குறைவு. இங்கே ஆமை என்பது கல்லாமை, பொறாமை, இயலாமை என்பவற்றின் வாலில் ஒட்டியிருக்கிற 'ஆமை'தான் என்று பட்டிமன்றப் பேச்சாளர்கள் இதற்கு வெள்ளையடிப்பார்கள். எங்கள் பாட்டிக்கு இந்த வியாக்கியானமெல்லாம் தெரியாது. அவளுக்கு ஆமைன்னா ஆமைதான், நாலு காலும் ஓடும் உள்ளது.

பென்னாகரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊருக்கு வெளியே கரடும் முள்ளும் புல்லுமாக ஒரு மேய்க்கால். கோடை மழை இரண்டு பெய்ததும் அங்கே கட்டாமைகள் வெளிவரும். கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல விரிந்திருக்கும். புத்தகங்கள் இதை நட்சத்திர ஆமை என்கின்றன. பத்து வயதில் ஒன்றைப் பிடித்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பாட்டி வாசற்படி தாண்ட விடவில்லை. ஆட்டுப்பட்டியில் கூடையைக் கவிழ்த்து அதற்குள் வைத்தேன். வாரச்சந்தைக்குச் சைக்கிளில் வந்த ஓர் ஆள் இருபது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டான். "இன்னும் கிடைச்சா வெச்சிரு தம்பி, அடுத்த வாரம் வர்றேன்" என்றான். அடுத்த வாரத்துக்கு நாலு பிடித்து வைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கியது அந்தக் காசில்தான்.

அந்த ஐந்து ஆமைகளும் எங்கே போயிருக்கும் என்பது பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் நட்சத்திர ஆமைகள் பிடிபட்டன என்ற செய்தியை இப்போதும் அடிக்கடிப் படிக்கிறோம். வெளிநாடுகளில் வீட்டில் வளர்க்க வாங்குகிறார்கள். நம்மவர் படிதாண்ட விடாத பிராணி அங்கே வரவேற்பறையில் வாழ்கிறது. இந்தியாவில் ஒரே ஒரு பிடிப்பிடத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டன என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2019இல் சர்வதேச வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். காட்டிலிருந்து பிடித்த ஆமையை நாடுவிட்டு நாடு விற்பது முற்றாகத் தடை.

எனவே இந்தக் கட்டுரையை எழுதுகிறவன் சுத்தமானவன் அல்ல. ஐந்து ஆமை விற்றவன். இதைப் பாவமன்னிப்புக்காகச் சொல்லவில்லை. பழமொழி ஏன் ஆமையையும் அமீனாவையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது என்ற கேள்வியை எழுப்பத்தான் சொல்கிறேன். கோர்ட்டு உத்தரவோடு வந்து அண்டா குண்டாவை ஜப்தி செய்துகொண்டு போகிறவர் அமீனா. ஆமை வெளியிலிருந்து வருகிற அபசகுனம், அமீனா வெளியிலிருந்து வருகிற அதிகாரம். ஏழை வீட்டுப் பார்வையில் இரண்டும் ஒன்று. இன்றைக்கு நிலைமை இன்னும் வினோதமாகிவிட்டது. ஆமை இப்போது தனியாக வருவதில்லை. அமீனாவையும் கூட்டிக்கொண்டு வருகிறது. 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்து மேய்ச்சல் நிலத்தில் கிடைத்திருக்கிற பொருள் இதுதான் என்பது என் வாதம்.

2

முதலில் சொற்களைப் பார்ப்போம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

கிராமக் கணக்கில் நிலத்துக்கு நஞ்சை, புன்செய் என்று பெயர் உண்டு. மிச்சமெல்லாம் தரிசு அல்லது புறம்போக்கு. தரிசிலும் தீர்வை விதித்த தரிசு, தீர்வை விதிக்காத தரிசு என்று இரண்டு. மேய்க்கால் என்பது புறம்போக்கின் ஒரு கிளை. இந்த வகைப்பாட்டில் நிலத்தின் மேல் என்ன முளைக்கிறது, எது வாழ்கிறது என்பதற்கு இடமில்லை. வரி வருமா வராதா என்பது மட்டுமே கேள்வி. வரி வராதது வீண்.

இந்தக் கணக்குப் பார்வையின் ஊற்றுக்கண்களில் ஒன்று எங்கள் மண்ணிலேயே இருக்கிறது என்பது வரலாற்றின் நக்கல். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு, அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ முதலியோர் 1799 வரை இங்கே நிலத்தை அளந்து தரம் பிரித்துத் தீர்வை கட்டினார்கள். பின்னால் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறைக்குப் பாராமகால்தான் ஒத்திகை மேடை. பயிர் செய்கிற தனி ரயத்து ஒருவன், அவனுக்கு ஒரு பட்டா என்ற பிம்பம் மையத்துக்கு வந்தபோது ஆடு மேய்க்கிறவன், கிழங்கு தோண்டுகிறவன், பாம்பு பிடிக்கிறவன் எல்லாம் விளிம்புக்குப் போனார்கள். அவர்களோடு சேர்ந்து அவர்கள் நிலத்தின் உயிர்களும் கணக்கிலிருந்து மறைந்தன.

சுதந்திர இந்தியா இந்தச் சொல்லாடலை உடைக்கவில்லை, புதுப்பித்தது. 1985இல் தேசிய தரிசு நில மேம்பாட்டு வாரியம் வந்தது. பிறகு செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்புகள் வந்தன. வானத்திலிருந்து பார்த்தால் புதர்க்காடும் புல்வெளியும் பாறைக்கரடும் வெற்றிடமாகத்தான் தெரியும். 2022இல் எம்.டி. மதுசூதனும் அபி வனக்கும் இந்தியாவின் வறண்ட திறந்தவெளி வாழ்சூழல்களைத் தனியாக வரைந்து காட்டினார்கள். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 10 சதவீதம். இதில் பெரும்பகுதி அரசின் வரைபடங்களில் தரிசு என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது பத்தில் ஒரு பங்கு நாட்டை நாம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறோம்.

அந்த 'இல்லாத' நிலத்தில் இருப்பவர்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். கட்டாமை, உடும்பு, மண்ணுளிப் பாம்பு, சுருட்டை விரியன், கண்ணாடி விரியன், சாரை, அரணை. கோடையில் ஆண் ஓணான் கல்மேல் ஏறிக் கழுத்துத் தோலை விசிறிபோல விரித்துப் பெண் ஓணானைக் கூப்பிடும். விசிறித்தொண்டை ஓணான் என்று பெயர். இந்த ஓணானுக்கு வெட்டவெளி வேண்டும். தன்னை யாராவது பார்த்தால்தான் அதற்குக் கல்யாணம். நிழல் அதற்கு எதிரி. ஆமைக்குப் புல்லும் முட்புதரும் வேண்டும், முட்டை புதைக்க இளகிய மண் வேண்டும். மண்ணுளிக்குப் பெயரிலேயே மண் இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கும் நாம் கற்பனை செய்கிற 'காடு' தேவையில்லை. நாம் தரிசு என்று திட்டுகிற அதே நிலம் போதும்.

'புறம்போக்கு' இன்று வசைச்சொல். இதை எதிர்த்து நடந்த கலைத் தலையீடு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017இல் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல், எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து அந்தச் சொல்லை மீட்டெடுக்கப் பார்த்தது. முக்கியமான வேலை. ஆனால் தண்ணீர் உள்ள புறம்போக்குக்குக் கிடைத்த பாட்டு தண்ணீர் இல்லாத புறம்போக்குக்குக் கிடைக்கவில்லை. ஏரி, கழிமுகம் என்றால் வெள்ளம் வரும்போது நகரத்துக்கு நினைவு வரும். கரட்டு மேய்க்கால் அழிந்தால் எந்த நகரமும் மூழ்காது. அதனால்தான் அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

3

நம் இலக்கியம் இந்த நிலத்தை எப்படிப் பார்த்தது? சங்கப் பிரதிகளுக்கு இதில் ஒரு நேர்மை உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டு விருந்தில் நாய் பிடித்துத் தந்த உடும்பு இருக்கிறது. குறுந்தொகையில் பாலை வழியில் உட்கார்ந்திருக்கிற முதிய ஓந்தி, வழிப்போக்கருக்குச் சகுனமாகிறது. அதன் முதுகு அரம்போலக் கரடுமுரடாக இருப்பது வரைக்கும் அந்தக் கவி பார்த்திருக்கிறார். பார்த்தவர் பெயர் அள்ளூர் நன்முல்லையார். அழகாக இருப்பதால் அல்ல, அங்கே இருப்பதால் ஊர்வன கவிதைக்குள் வருகின்றன. முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்ற சிலப்பதிகாரப் பார்வையும் நிலத்தை மாறுகிற ஒன்றாகக் காண்கிறது. ஆனால் நாம் வகுப்பறையில் என்ன செய்தோம்? முல்லையைப் பசுமையாக்கி, பாலையை வெறுமையாக்கி, திணையைப் பட்டியலாக்கிப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். பாராமகால் கணக்குப்பிள்ளையின் மனநிலையோடுதான் திணைக்கோட்பாட்டையும் படித்தோம்.

தருமபுரிக்காரர்களுக்கு இன்னொரு பிரதியும் உண்டு. எங்கள் மாவட்டத்திலும் செங்கம் பக்கமும் கிடைத்த நடுகற்கள். பல்லவர் காலத்து வட்டெழுத்தில், ஆநிரை கவர்ந்ததிலும் மீட்டதிலும் செத்தவர்களின் பெயர்கள். இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' (1972), 'தருமபுரி கல்வெட்டுகள்' (1975) ஆகியவற்றால் இவை ஆய்வுலகுக்கு வந்தன. வெட்சி, கரந்தை என்று நாம் அடுக்குகிற வீரமெல்லாம் இந்த மேய்ச்சல் நிலத்தில் நடந்தது. ஆயிரத்து நானூறு வருஷமாக இங்கே புல் இருந்திருக்கிறது, மாடு இருந்திருக்கிறது என்பதற்குக் கல்லே சாட்சி. ஆலம்பாடி மாடு எங்கள் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நடுகல்லை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டோம். அது நின்ற புல்லுக்குக் கம்பிவேலி போட்டுவிட்டோம். வீரனைப் பாதுகாத்தாயிற்று. அவன் எதற்காகச் செத்தானோ அந்த நிலத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

நவீன எழுத்தில் மேய்ச்சல் நிலத்தை உள்ளிருந்து எழுதிய நாவல் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000). பண்ணையத்தில் ஆட்டுக்காரப் பையனாகக் கட்டுப்பட்டுக் கிடக்கிற தலித் சிறுவனின் உலகம் அது. முல்லை நிலம் காதலுக்கான காத்திருப்பு மட்டுமல்ல, கூலியும் அடியும் சாதியும்கூட என்பதை அந்த நாவல் படித்தபிறகு யாரும் மறக்க முடியாது. மேய்ச்சல் வாழ்வைப் புனிதப்படுத்திச் சூழலியல் பேசுகிறவர்கள் முதலில் இதைப் படிக்கட்டும். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) காட்டுக்குள் அதிகாரம் நுழைந்தால் பழங்குடி உடம்பில் என்ன நடக்கிறது என்பதை எழுதியது. இந்த இரண்டு நாவல்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. ஒன்று பட்டா நிலத்தின் ஓரம், மற்றது காடு. இரண்டுக்கும் இடையே உள்ள மேய்க்கால், அதில் இருளரும் ஆட்டுக்காரரும் உடும்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற இடம், இன்னும் எழுதப்படாத நாவலாகவே கிடக்கிறது.

சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் தமிழில் காட்டுயிர் எழுதுவதற்கு உழைத்துச் சொற்களைத் திரட்டித் தந்திருக்கிறார்கள். ஆனால் நம் சிறுபத்திரிகைக் கவிதைகளைப் புரட்டிப் பாருங்கள். பறவை பறக்கும், பட்டாம்பூச்சி பறக்கும், யானை நடக்கும். ஊர்வது என்றால் பாம்பு, அதுவும் காமத்துக்கோ மரணத்துக்கோ குறியீடாக மட்டும். குறியீடாக இல்லாமல் ஒரு பாம்பு பாம்பாகவே நகர்ந்துபோன கவிதை எத்தனை? பழமொழியும் நம்மைக் காப்பாற்றவில்லை. உடும்புப்பிடி, வேலியில் போன ஓணான், அரணை கடித்தால் மரணம். அரணைக்கு விஷமே கிடையாது. ஒரு பொய்யை எதுகைக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

4

இனி அமீனாவுக்கு வருவோம்.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. தேவையான சட்டம். அதில் சந்தேகமில்லை. பாம்புத்தோல் வியாபாரம் லட்சக்கணக்கான பாம்புகளை உரித்துக் கப்பலேற்றிய காலம் அது. 1976இல் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. வியாபாரி வேறு வியாபாரத்துக்குப் போனான். தலைமுறையாகப் பாம்பு பிடித்த இருளர் எங்கே போவார்? 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் துணையோடு வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, சில தடவை விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் விஷமுறி மருந்து தயாரிக்கப்படும் விஷத்தில் பெரும்பங்கு அவர்கள் கையால் எடுக்கப்பட்டது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொள்கை ஒன்று சரியாக வகுக்கப்பட்டால் அறிவு குற்றமாகாமல் தொழிலாகவும் பாதுகாப்பாகவும் மாற முடியும் என்பதற்கு நம் கையில் இருக்கிற ஒரே பெரிய சான்று இது.

ஆனால் அந்தச் சங்கம் கடற்கரைப் பக்கத்து இருளருக்கு. எங்கள் பக்கத்து இருளருக்கு அந்த அறிவு இன்னும் குற்றமாகவே இருக்கிறது. 'ஜெய் பீம்' (2021) படத்தில் பணக்கார வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிக்க ராஜாக்கண்ணுவைக் கூப்பிடுகிறார்கள். பிறகு அதே வீட்டு நகை களவுபோனதும் அவன்மேல் பழி விழுகிறது. அவன் திறமைதான் அவனுக்கு எதிரான சாட்சி. படம் சினிமாவாக எப்படி என்பது வேறு விஷயம். அந்த ஒரு கதைமுடிச்சு மிகச் சரியானது.

உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை. பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, 2022 திருத்தத்துக்குப் பின் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஆண் உடும்பின் பிறப்புறுப்பைக் காயவைத்து 'அதிர்ஷ்ட வேர்' என்று விற்கிற மாந்திரீக வியாபாரத்துக்கு இந்தத் தண்டனை போதாது என்றே சொல்வேன். இருதலை மணியன் என்று பெயர் சூட்டி மண்ணுளியைக் கோடிக்கணக்கில் விலைபேசுகிற மோசடிக் கும்பலுக்கும் போதாது. ஆனால் பிடிபடுவது யார்? பசிக்கு ஒரு உடும்பு பிடித்தவர், தரகனிடம் இருநூறுக்கும் முந்நூறுக்கும் மண்ணுளியை விற்றவர், என்னைப்போல இருபது ரூபாய்க்கு ஆமை விற்ற பையன். சட்டம் உயிரியின் உடம்பைப் பாதுகாக்கிறது. அந்த உடம்பைத் தொட்ட கை கறுத்த கையாக இருந்தால் உடனே பிடிக்கிறது. அந்த உயிரி வாழ்கிற நிலத்தை ஒரு ஜேசிபி ஒரு நாளில் புரட்டினால் அதற்கு அட்டவணை கிடையாது. ஏனென்றால் நிலம் தரிசு, தரிசில் எதுவும் வாழ்வதாகக் கணக்கில் இல்லை. ஒரு உடும்பைக் கொன்றால் குற்றம். நூறு உடும்பின் வளையைக் கிரானைட் குவாரியாக்கினால் வளர்ச்சி.

தருமபுரியில் நின்றுகொண்டு 'வனப் பாதுகாப்பு' என்று சொல்கிறவர் ஒரு ஊர்ப்பெயரைத் தாண்டிப் போக முடியாது. வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனமரக் கடத்தல் தடுப்பு என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அரூர் வட்டத்து மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஆடுமாடுகளையும் விடவில்லை. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள். வாச்சாத்தி நடந்தபோது எனக்கு இரண்டு வயது. தீர்ப்பு உறுதியானபோது என் மகளுக்கு அந்த வயது.

மரத்தைக் காப்பாற்ற வந்த அமீனா அப்படி வந்தான். இனி ஆமையைக் காப்பாற்ற வரும் அமீனா எப்படி வருவான் என்று ஒரு மலைக்கிராமத்துப் பெண் பயந்தால் அந்தப் பயத்தை 'விழிப்புணர்வு இல்லாமை' என்று எழுதுகிறவர்கள் எந்தத் தமிழில் எழுதுகிறார்கள்?

5

போன கோடையில் எங்கள் மேய்க்காலுக்குப் போனேன். பாதியில் கம்பிவேலி, உள்ளே வரிசையாகக் கன்றுகள். மீதியில் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. வேலிக்கு வெளியே பதினைந்து ஆடுகளோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கட்டாமை இன்னும் இருக்கா என்று கேட்டேன்.

"எங்க கண்ணு. மரம் வெக்கிறோம்னு சொல்லிக் குழி எடுத்தாங்க, மிசின் வெச்சுத் தள்ளினாங்க. ஆடு உள்ள போவக் கூடாதுன்னு கம்பி போட்டாங்க. ஆடும் போவல, ஆமையும் இல்ல. மரமாவது வந்துச்சான்னா அதுவும் பாதி காஞ்சு போச்சு."

இது ஒரு ஊரின் சோகம் மட்டுமல்ல. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கப்பட்டது. மாநிலப் பரப்பில் 33 சதவீதத்துக்கு மரப்போர்வை என்பது அதன் இலக்கு. இலக்கு மரம் என்றால் மரம் நட இடம் வேண்டும். பட்டா நிலத்துக்காரன் எளிதில் தரமாட்டான். மிச்சமிருப்பது புறம்போக்கு. பசுமை என்ற சொல் மரம் என்ற சொல்லை விழுங்கி, மரம் புல்லை விழுங்கி, கடைசியில் ஓணானையும் ஆமையையும் விழுங்குகிறது. மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிற நம் தோழர்களும் இதில் பங்காளிகளே.

மறுபக்கம் மேய்ச்சல் தடை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்தது. இரண்டு வாரத்துக்குள் அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று குறுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காடு காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அழிவின் விளிம்பில் உள்ள லீத் மென்னோட்டு ஆமையும் சதுப்பு முதலையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் உண்டு. ஊர்வனவற்றைக் காரணமாகச் சொல்லி இங்கே ஒரு சரணாலயம் வந்ததை வரவேற்கிறேன். ஆனால் கோடு மாறியதும் நேற்றுவரை மேய்த்தவர் இன்று தடைக்குள் வந்துவிடுகிறார். 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாக ஏற்றிருக்கிறது. அந்த உரிமையைப் பதிந்து கொடுக்காமல் தடையை மட்டும் அமல்படுத்தினால் நடப்பது பாதுகாப்பு ஆகாது, வெளியேற்றம்.

மேய்ச்சல் என்றாலே அழிவு என்கிற முன்முடிவைச் சோதிக்க வெளியே ஓர் உதாரணம் பார்க்கலாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் நீலநாக்குக் குட்டை அரணை என்று ஒன்று. அழிந்தேவிட்டது என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1992இல், ஆம், வாச்சாத்தியின் அதே ஆண்டில், பர்ரா என்ற ஊர்ப்பக்கம் செத்துக் கிடந்த பாம்பின் வயிற்றுக்குள் ஒன்று கிடைத்தது. தேடிப் போனால் உழாத புல்வெளிகளில், சிலந்திகள் தோண்டிய செங்குத்து வளைகளுக்குள் வாழ்ந்துகொண்டிருந்தது. அந்தப் புல்வெளிகளெல்லாம் தனியார் செம்மறிப் பண்ணைகள். ஆய்வாளர்கள் கண்டது: உழுதால் வளை அழிகிறது, அரணை அழிகிறது. அளவாக ஆடு மேய்ந்தால் புல் அடர்ந்து மூடாமல் திறந்திருக்கிறது, அரணை பிழைக்கிறது. அளவு மீறினால் கெடுதல். மேய்ச்சல் முழுக்க நின்றாலும் நல்லதில்லை. அங்கே பாதுகாப்பு என்பது பண்ணைக்காரரோடு உட்கார்ந்து எத்தனை ஆடு, எந்த மாதம் என்று பேசுவதாக ஆயிற்று.

இதை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அந்தப் பண்ணைகளே கடூரி என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தைப் பறித்து உண்டானவை. அங்கே ஆடு ஆக்கிரமிப்பாளனோடு வந்தது, இங்கே நடுகல்லுக்கும் மூத்தது. கட்டாமைக்கு எத்தனை ஆடு தாங்கும் என்ற கணக்கை ஆஸ்திரேலியாவிலிருந்து கடன் வாங்க முடியாது. இங்கேயே, மேய்க்கிறவரோடு உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். பண்ணைக்காரன் வெள்ளைக்காரனாகவும் பட்டாதாரனாகவும் இருந்தால் அவனோடு 'ஆலோசனை', மேய்க்கிறவர் நிலமில்லாதவராக இருந்தால் அவருக்கு 'அபராதம்' என்பதுதான் எனக்கு உறைக்கிற வேறுபாடு.

6

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். மேய்க்கிறவர்கள் பாம்பைக் கண்டால் அடிக்கிறார்கள், அவர்கள் நாய் உடும்பைக் குதறுகிறது, கோடையில் புல்லுக்குத் தீ வைக்கிறார்கள் என்று சொல்வார்கள். எல்லாம் நடக்கிறது. என் பெரியப்பா தன் ஆயுளில் அடித்த கண்ணாடி விரியன்களுக்குக் கணக்கு கிடையாது. ஆனால் அவர் ஏன் அடித்தார்? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். தமிழ்நாடு 2024இல்தான் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கடிபட்டவரை எத்தனை மைல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று தெரியாத இடத்தில் விரியனை நேசி என்று மேய்க்கிறவரிடம் சொல்வது அராஜகம். பாம்புப் பாதுகாப்பின் முதல் படி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறி மருந்து இருப்பது. அந்த மருந்து இருளர் கையிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், பாம்பும் இருளரும் மேய்க்கிறவரும் ஒரே அரசியலின் மூன்று முனைகள் என்பது புரியும்.

என்ன செய்யலாம்? சிறுபத்திரிகைக் கட்டுரை திட்டம் தீட்டக் கூடாது என்பார்கள். இருக்கட்டும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் மேய்க்காலுக்கு ஒரு பக்கம் வேண்டும். அதை எழுதும்போது ஆடு மேய்க்கிற பெண்ணும் இருளர் பெரியவரும் தகவல் தருகிறவர்களாக அல்ல, எழுதுகிறவர்களாக உட்கார வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ்த்தான் 2022இல் மதுரை அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அந்தப் பகுதியையும் சேர்த்து 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. காப்பாற்றியது அட்டவணை மட்டுமல்ல, அந்தப் பாறையைத் தங்களுடையது என்று சொல்ல ஊரில் ஆள் இருந்ததுதான். எங்கள் கரடுகளுக்கும் அப்படிச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

எழுதுகிற நமக்கும் வேலை இருக்கிறது. தரிசு என்று எழுதுவதை நிறுத்தலாம். மேய்க்கால் என்று நிலத்துக்கு அதன் பெயரைச் சொல்லலாம். மரம் நடும் விழாவுக்குக் கூப்பிட்டால், எந்த இடத்தில் என்று முதலில் கேட்கலாம்.

அந்த அம்மாவிடம் திரும்பி வரும்போது என் பழைய கணக்கைச் சொன்னேன், ஐந்து ஆமை விற்றதை. அவர் சிரித்தார். "எங்கூட்டுப் பசங்களும்தான் வித்தானுவ. நீ படிச்சுட்ட, எழுதுற. அவனுங்கள ஒருநா புடிச்சு உள்ள வெச்சாங்க" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. ஒரே மேய்க்கால், ஒரே ஆமை, ஒரே சைக்கிள்காரன். என் வீட்டுக்கு ஆமைக்குப் பின்னால் ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது. அவர் வீட்டுக்கு அமீனா வந்தான்.